கல்லூரி முதலாண்டுக்கு 9ஆம் வகுப்பிலிருந்தே தயாராவது எப்படி

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு 22 ஆண்டுகளாகக் கணிதம் சொல்லித் தருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை, என் அறை வாசலில் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தான். "மேம், நான் நல்லாதான் படிச்சேன்" என்று தொடங்குவார்கள். எப்படிப் படித்தாய் என்று கேட்டால், "நோட்ஸை நாலு தடவை வாசிச்சேன்" என்பார்கள். அதில் பொய் இல்லை. உண்மையிலேயே உட்கார்ந்து நாலு தடவை வாசித்திருப்பார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தாயா என்று கேட்கும்போதுதான் முகம் மாறும்.

நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு வாசலில் நின்றவள்தான். பள்ளியில் கணிதத்தில் எப்போதும் முதலிடம். கல்லூரியில் எழுதிய முதல் தேர்வில் நூற்றுக்கு 31. அன்று என்னை உட்கார வைத்து, எங்கே பிசகியது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்த ஆசிரியை இல்லையென்றால் கணிதத்தையே விட்டிருப்பேன். கல்லூரியில் இடம் வாங்குவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளே போன பிறகு தடுமாறாமல் இருக்கப் பள்ளி நாட்களிலேயே என்ன செய்துகொள்ளலாம் என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

முதலில், அங்கே என்ன மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் யாராவது ஒருவர் தினமும் உங்களைச் சோதித்துக்கொண்டே இருப்பார். வாரத் தேர்வு, வீட்டுப்பாடம், கரும்பலகைக்கு அழைத்துப் போடச் சொல்வது என்று ஏதோ ஒன்று இருக்கும். உங்களுக்கு என்ன தெரியவில்லை என்பதை அடுத்தவர் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். கல்லூரியில் ஒரு பருவத்துக்கு இரண்டு, மூன்று தேர்வுகள்தான். வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வெளியே இரண்டு மணி நேரம் நீங்களாகப் படிக்க வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்களில் புழங்கும் கணக்கு. அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். எனக்கு எது தெரியவில்லை என்பதை நானே கண்டுபிடிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு, அது தேர்வு அறையில்தான் தெரியவரும். அந்தப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள நான்கு ஆண்டுகள் கையில் இருக்கின்றன.

மூடிவைத்து எழுதும் நோட்டு

9ஆம் வகுப்பில் ஒரே ஒரு காரியத்தைத் தொடங்குங்கள். ஒரு தனி நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்று நடத்திய பாடங்களில் ஏதாவது ஒன்றை எடுத்து ஒரு முறை வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். நினைவில் இருப்பதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். வரிசை வேண்டாம், அழகான வாக்கியம் வேண்டாம், படம் போட்டாலும் சரி. கைக்கு எதுவும் வரவில்லை என்றாலும் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்து யோசியுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் நிரப்புங்கள். மொத்தம் 15 நிமிடம். அந்தச் சிவப்புதான் உங்களுக்குத் தெரியாதது. மறுமுறை படிக்கும்போது சிவப்பிலிருந்து தொடங்குங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்டது. ஒரு குழு மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்கள் 83 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் இருந்தது. என் வாசலில் நிற்கும் பிள்ளைகள் சொல்லும் அதே "நாலு தடவை"!

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடிவைத்து எழுதினால் எதுவுமே தெரியாத மாதிரி இருக்கும். அந்தச் சோதனையிலும் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தங்கள் நினைவின் மேல் அதிக நம்பிக்கை இருந்தது. அதனால்தான் பலர் இரண்டாம் நாளே இந்த நோட்டை ஓரம் கட்டிவிடுகிறார்கள். என் மகள் முதல் நாள் செல் பிரிதல் பாடத்தை எடுத்தாள். எட்டுப் பக்கப் பாடம், எழுத முடிந்தது நான்கு வரி. "எனக்கு மண்டையில ஒண்ணுமே ஏறல" என்று நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். அந்த நான்கு வரியும் சரியான வரிகள் என்று காட்டி, மீதியைச் சிவப்பில் எழுத வைத்தேன். மூன்றாம் நாள் அதே பாடத்தைப் பார்க்காமல் பதினொரு வரி எழுதினாள். முதல் இரண்டு வாரம் மட்டும் பக்கத்தில் ஒருவர் இருந்து தாங்கிப் பிடித்தால் போதும், அதற்கப்புறம் பிள்ளைகளே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரே பாடத்தை ஒரே நாளில் பத்து முறை எழுத வேண்டாம். ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, மறதியின் வேகத்தை 1885இல் எழுதி வைத்தார். படித்த முதல் ஒரு மணி நேரத்தில் மறதி மிக வேகமாக இருக்கிறது, போகப் போக மெதுவாகிறது. எனவே அன்று இரவு ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளி விட்டு எழுதிப் பாருங்கள். நோட்டின் ஓரத்தில் தேதி போட்டு வந்தால் கணக்கு தவறாது.

எல்லாப் பாடத்துக்கும் ஒரேயடியாக ஆரம்பிக்காதீர்கள். முதல் ஆண்டு ஒரு பாடம் போதும்.

கணிதத்தில் பழைய ஓட்டைகள்

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அறிவியல், பொறியியல், பொருளியல், வணிகம், உளவியல் என்று எங்கே போனாலும் கணிதமோ புள்ளியியலோ பின்னாலேயே வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் நுண்கணிதத் தாள்களைத் திருத்தும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தவறான விடையிலும், முதல் பிழை எந்த வரியில் விழுந்தது என்று பார்த்து வட்டமிடுவேன். நுண்கணிதப் பிழையை எதிர்பார்த்துத்தான் தொடங்கினேன். பெரும்பாலான வட்டங்கள் 8ஆம், 9ஆம் வகுப்புச் சங்கதிகளின் மேல்தான் விழுந்தன. அடைப்புக்குறிக்கு முன் இருக்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதை மறப்பது. கூட்டலின் வர்க்கத்தை வர்க்கங்களின் கூட்டல் என்று எழுதுவது. வர்க்கமூலத்தைக் கூட்டலுக்கு உள்ளே பங்கு போடுவது. பின்னங்களைக் கூட்டும்போது மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிடுவது.

இவற்றுக்கெல்லாம் ஒரு எளிய மருந்து உண்டு. விதியில் சந்தேகம் வந்தால் எழுத்தை எடுத்துவிட்டுச் சிறிய எண்ணைப் போட்டுப் பாருங்கள். 3ஐயும் 4ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 49, தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 25. ஆக இரண்டும் ஒன்றல்ல. 9ஐயும் 16ஐயும் கூட்டி மூலம் எடுத்தால் 5, தனித்தனியே எடுத்துக் கூட்டினால் 7. 1/2 உடன் 1/3 சேர்ந்தால் 5/6. மேலும் கீழும் கூட்டி 2/5 என்று எழுதினால் அது பாதியைவிடக் குறைவு, பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிக் குறையும்? பத்து வினாடி வேலை. இந்தப் பத்து வினாடியால் தேறியிருக்கக்கூடிய மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பழைய விடைத்தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்திலும் அது ஏன் போனது என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். தெரியாது, மறந்தது, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், கணக்கில் கைத்தவறு, நேரம் போதவில்லை. இந்த ஐந்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். மூன்று தாள்களுக்கு எழுதினாலே உங்கள் நோய் எது என்று தெரிந்துவிடும். கேள்வியைத் தப்பாகப் படிக்கும் பிள்ளைக்கு இன்னும் நூறு கணக்கு போடுவதால் பயன் இல்லை. "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல் எதையும் காட்டித் தராது.

பயிற்சிக் கணக்குகளைக் கலந்து போடுங்கள். ஒரு பயிற்சியில் இருபது கணக்கும் ஒரே வகையாக இருந்தால், எந்த முறையைப் பயன்படுத்துவது என்று யோசிக்கவே தேவையில்லை. தேர்வில் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டியிருக்கும். டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கப் பழகினார்கள். வகை வகையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வகை வகையாகப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். கலந்து போட்டவர்கள் 63. என் மகளுக்கு நான் செய்து கொடுத்தது ஒரு டப்பா. முடித்த பாடங்களின் கணக்கு எண்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி உள்ளே போட்டோம். தினமும் ஐந்து சீட்டு எடுப்பாள். சரியாக வந்த சீட்டு கிழிபடும், தவறியது மறுபடி டப்பாவுக்குப் போகும்.

வாசிப்பதும் கேட்பதும்

10ஆம் வகுப்பிலிருந்து மாதம் ஒரு முறையாவது, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நீண்ட கட்டுரையை, 15 அல்லது 20 பக்கம் இருப்பதை, யார் உதவியும் இல்லாமல் வாசியுங்கள். முடித்துவிட்டு அரைப்பக்கம் எழுதுங்கள். எழுதியவர் என்ன சொல்கிறார், அதற்கு என்ன காரணம் காட்டுகிறார், எனக்கு எங்கே உடன்பாடு இல்லை. அவ்வளவுதான். கல்லூரியில் முதல் மாதத்திலேயே இருபது பக்கத்தை "படித்துவிட்டு வாருங்கள்" என்று கொடுப்பார்கள், யாரும் வரிவரியாக நடத்த மாட்டார்கள்.

குறிப்பெடுக்கவும் பழகுங்கள். கல்லூரியில் பலர் குறிப்பைச் சொல்லிச் சொல்லி எழுத வைப்பதில்லை, பேசிக்கொண்டே போவார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950களில் உருவாக்கிய முறை இன்றும் என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது. தாளின் இடப்பக்கம் கால்வாசிக்குச் சற்று அதிகமாக விட்டுக் கோடு போடுங்கள், அடியில் நாலைந்து வரிக்கு இடம் விடுங்கள். வகுப்பில் வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள். அன்று மாலை அதை வாசித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கேள்வியை இடப்பக்கம் எழுதுங்கள், அடியில் இரண்டு வரிச் சுருக்கம். படிக்கும்போது வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு இடப்பக்கக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். மூடிவைத்து எழுதும் நோட்டின் இன்னொரு வடிவம்தான் இது.

அப்புறம், சந்தேகம் கேட்கப் பழகுங்கள். "மேம், இந்தப் பாடம் புரியல" என்று வருபவருக்கு முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தத்தான் முடியும். "மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரி எப்படி வந்தது? நான் இப்படிச் செய்து பார்த்தேன், இங்கே நின்றுவிட்டது" என்று தாளோடு வருபவருக்கு இரண்டு நிமிடத்தில் தீர்த்துவிடலாம். வாரம் ஒரு முறையாவது இப்படி ஒரு கேள்வியோடு பள்ளி ஆசிரியரிடம் போங்கள். பின்னால் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றால், உங்களைப் பற்றி எழுத அவருக்கும் ஏதாவது இருக்கும்.

எந்தப் படிப்பு?

10ஆம் வகுப்பு முடியும்போதே ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். பல படிப்புகளுக்கு இன்ன பாடத்தைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் படித்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கும். நீங்கள் நினைத்திருக்கும் படிப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 12ஆம் வகுப்பில் தெரிந்துகொண்டால் திருத்த வழி இருக்காது.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பான விளம்பரத் தாளைப் பார்க்காமல், அந்தப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுச் சிலபஸை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். கணினி அறிவியலில் சேர்ந்த ஒரு மாணவன் என்னிடம் வந்து, "நான் கேம் செய்யலாம்னு வந்தேன் மேம், இங்க நிறுவல் எழுதச் சொல்றாங்க" என்றான். தர்க்கமும் கணங்களும் அந்தப் படிப்பின் அடித்தளம் என்று அவனுக்கு முன்பே யாரும் சொல்லவில்லை. சிலபஸின் முதல் பக்கத்தில் அது இருந்தது. அந்தப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, "போன வாரம் முழுக்க என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும். போன வாரத்தைக் கேட்டால் உண்மை வரும்.

பாடத்துக்கு வெளியே நிறையச் சான்றிதழ் சேர்க்க வேண்டுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஒரே ஒரு காரியத்தை மூன்று ஆண்டு விடாமல் செய்யட்டும். அது போதும்.

விண்ணப்ப நாட்கள்

எவ்வளவு நாளாகும் என்ற நம் கணிப்பு பெரும்பாலும் பொய்த்துவிடும். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்றதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. எனவே கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பு உங்களுக்கென்று ஒரு கடைசித் தேதியை எழுதி வையுங்கள். பரிந்துரைக் கடிதத்தை ஒரு மாதம் முன்பே கேளுங்கள். எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று 11ஆம் வகுப்பிலேயே சரிபாருங்கள், திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். கல்லூரிக்கென்று ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொண்டு, அதை நீங்களே திறந்து பாருங்கள்.

உங்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், "சிறு வயதிலிருந்தே" என்று தொடங்காதீர்கள். ஒரு நாள் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள், எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே வெட்டுங்கள்.

தூக்கமும் தனியாக நிற்பதும்

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. பதின்வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, இரவு தூக்கம் தாமதமாக வருவது சோம்பல் இல்லை. அதனால்தான் கைபேசியை வேறு அறையில் வைப்பது இன்னும் அவசியமாகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருந்து என் தேர்வுக்கு வந்த பிள்ளைகள் 7ஐ 1 என்று எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இது பெற்றோருக்கு. 11ஆம் வகுப்பிலிருந்து காலையில் எழுப்புவதை நிறுத்திவிடுங்கள். இரண்டு முறை பள்ளிக்குத் தாமதமாகட்டும், பரவாயில்லை. துணி துவைப்பதும், தனக்கு ஒரு வேளைச் சாப்பாடு செய்துகொள்வதும், ஒரு மாதச் செலவுப் பணத்தை மாதக் கடைசி வரை கொண்டுபோவதும், மருத்துவரிடம் தன் உடம்புக்கு என்ன என்று தானே சொல்வதும் வீட்டிலேயே பழகட்டும். முதல் பருவத்தில் படிப்பால் மட்டுமே கீழே விழுந்த மாணவர்கள் குறைவு. எழுந்திருக்க முடியாமல் காலை வகுப்பைத் தவறவிட்டு, அப்புறம் ஆசிரியர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு அடுத்த வகுப்பையும் தவறவிட்டவர்கள் நிறைய.

இதை வாசிக்கும்போதே நீங்கள் 12ஆம் வகுப்பில் இருந்தால், எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். கடைசி மூன்று கணிதத் தாள்களை எடுத்து, மதிப்பெண் எங்கே போனது என்று எழுதுங்கள். ஏதாவது ஒரு பாடத்துக்கு அந்த நோட்டைத் தொடங்குங்கள். தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

பள்ளித் தேர்வு முடிந்ததும் ஓய்வெடுங்கள், நன்றாக ஊர் சுற்றுங்கள். கல்லூரி திறக்க ஒரு மாதம் இருக்கும்போது, முதல் பருவப் பாடநூல்களில் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்து முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். மூடிவைத்து எழுதுங்கள். புரியாமல் நின்ற இடங்களை ஒரு தாளில் குறித்து, அந்தத் தாளோடு முதல் வாரமே ஆசிரியர் அறைக்குப் போங்கள். என் அறைக்கு அப்படி ஒரு தாளோடு ஆண்டுக்கு ஒருவரோ இருவரோதான் வருகிறார்கள். அவர்களுக்காக நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன்.